வெடித்த காய் எங்கே விழுந்தது

ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் ஒரு கடைவீட்டின் கீழே தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டு நின்றபோதுதான் இது தோன்றியது. மாடியில் ஜன்னலெல்லாம் அடைத்து, விலைபோகும் கூட்டைக் கட்ட வரட்டும் என்று ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் ஓடவிட்டிருந்தார்கள். நிஜக் குருவிகள் கூட்டமாக உள்ளே போயின. ஒரு பெட்டியை நம்பிப் பறவையே வருகிறதே, என்னிடம் ஓர் ஆள் வரமாட்டாரா?

ஈப்போவில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூர் போய்விட்டார்கள். நான் பதிவுசெய்து அனுப்பும் ஒலித்துண்டுகளுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வரும்.

ஆறு வயதுவரை நான் இருந்த ரப்பர் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அப்போது அங்கே வெயில் ஏறினால் பால்மரக் காய்கள் 'பட்'டென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைத்தான் செய்தேன். இருபது சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள். அறை சூடாகச் சூடாக வெடிப்பும் கூடும். ஈப்போவில் பழைய கடைவீட்டு மாடி ஒன்றில், கண்காட்சியாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டேன்.

வந்தவர்கள் அண்ணாந்து படம் எடுத்தார்கள். "பாப்கார்ன் மெஷினா மச்சான்?" என்றான் ஒருவன். போய்விட்டான்.

ஆறாம் நாள் மதியம், மாடி கூட்டும் அக்கா வந்தார். 'பட்.' துடைப்பம் நின்றது. அவர் மேலே பார்க்கவில்லை. தரையில் சுவரோரம்வரை தேடினார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"கொட்ட எங்க விழுந்துச்சுன்னு பாக்குறேன். வெடிச்சா விழணும்லா?"

"விழாதுக்கா. இது கரண்ட்டுல வர்ற சத்தம்."

"அப்ப பாதிக் காயத்தான் செஞ்சிருக்க!" சிரித்தார். "தோட்டத்துல, சருகுல எந்தப் பக்கம் 'சரக்'குங்குதுன்னு கேட்டு ஓடணும். நின்னு யோசிச்சா பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கிருவா."

எனக்குச் சுரீரென்றது. விழும் சத்தத்தை எப்படி விட்டேன்? உடனே மடிக்கணினியைத் திறந்து, எத்தனை நொடி தாமதம் வைப்பது என்று தட்ட ஆரம்பித்தேன். தலை நிமிர்ந்தபோது அக்கா கீழே இறங்கிவிட்டிருந்தார். வந்த ஒரே ஆளை உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

பீடோர் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் இன்னும் பால்மரம் நிற்கிறதாம். காய் முற்றும் மாதத்தில் இரண்டு மைக்கோடு போகிறேன். ஒன்று கிளையில், ஒன்று சருகுக்கு அடியில். அதற்கு முன்னால், நாளைக்கே, அக்காவுக்கு எந்தக் கிழமை லீவு என்று கேட்க வேண்டும். வண்டியில் இன்னொரு ஆளுக்கு இடமிருக்கிறது.