கொல்லிமலை பஸ்ஸில் ஒரு கணவர்

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நிற்கிறது. இளம்பெண் ஒருத்தி அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு ஏறுகிறாள். பின்னால் அவள் கணவர், இரண்டு பெண் குழந்தைகளோடு மெதுவாக வருகிறார்.

“மூட்டையை நீங்க தூக்கக் கூடாதா?” என்று கேட்டுவிடுகிறேன்.

“கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேனுங்க.”

முன்சீட்டுக்காரர் திரும்பி, “ஆம்பளை போயி அத செஞ்சுக்குவாங்களா? பையன் வேண்டாமா?” என்று சிரிக்கிறார்.

“ரெண்டாவது பிரசவத்துல வயித்தக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணி இவ பொழச்சதே பெருசுங்க. மறுபடியும் இவள ஆபரேஷனுக்கு அனுப்ப மனசில்லீங்க. எங்களுக்கு இந்த ரெண்டு கண்ணுகளே போதும்.”

முன்சீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்துகிறார். அவர் மனைவி எழுந்து இடம் விடுகிறாள்.

“இங்க உக்காருங்க தம்பி. இதையே எங்க ஊட்டுக்காரர்கிட்ட இன்னொருக்கா சொல்லுங்க.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. மூட்டையை இறக்கிவைத்த இளம்பெண்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறாள்.