மாமன் கொண்டுவந்த ரோஸ் கலர் பெட்டி

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நான் ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையல், கிளிப்பு, ஸ்டிக்கர் பொட்டு, கவரிங், பொம்மை எல்லாம் உண்டு. பிள்ளைக்குப் பரிசு வேண்டும் என்று யார் வந்தாலும் என் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். "ஆம்பளப் பிள்ளைக்கா, பொம்பளப் பிள்ளைக்கா?" ஆம்பளப் பிள்ளை என்றால் என் கை தானாகக் காருக்கும் துப்பாக்கிக்கும் போகும். பொம்பளப் பிள்ளை என்றால் ரோஸ் கலர் அலமாரிக்குப் போகும். வருகிறவர்களுக்கும் யோசிக்கிற வேலை மிச்சம், எனக்கும் மிச்சம். இதில் ஏதோ தப்பு இருப்பதாக என் மகள் வாயைத் திறக்கும்வரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அவள் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பெரிய மனுஷியானாள். வீட்டில் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்ததோடு அப்போதைக்கு விட்டுவிட்டோம். மண்டபம் பிடித்து, மேடை போட்டு, ஊரைக் கூட்டிச் செய்கிற சடங்கை ஆடி கழிந்து ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முடிவெடுத்தவர் என் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் மல்லிகையும் போட்டிருக்கிறார். கணவர் போன பிறகு தனி ஆளாக வெள்ளாமையைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. "எந்தம்பி மகளுக்கு ஊரே வாயப் பொளக்கணும்" என்றார். நாங்களும் சரியென்று தலையை ஆட்டினோம்.

இன்னொரு பக்கம் என் தம்பி. நத்தத்தில் மாங்காய் வியாபாரம். அவனுக்கு இரண்டும் பையன்கள். என் மகள்தான் அவனுக்கு ஒரே மருமகள். தாய்மாமன் சீர் வராமல் சடங்கு இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன் எடுத்து வந்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மேடையேற வேண்டும். அந்த நாளுக்காகவே தம்பி பல வருடமாக நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தான்.

ஆடி பிறந்த சமயத்தில்தான் அந்தப் பொம்மைப் படம் வந்தது. இங்கிலீஷ் படம். ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கு மொத்தச் சரக்கு போடுகிறவர் சீப்பு, செருப்பு, டிபன் பாக்ஸ் என்று அத்தனையையும் ரோஸ் கலரில் கொண்டுவந்து இறக்கினார். அத்தனையும் விற்றது. மகள் நச்சரித்ததால் மதினியையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினோம். எல்லாரும் ரோஸ் கலரில்தான் வர வேண்டும் என்பது அவள் உத்தரவு. வீட்டுக்காரர் எங்கேயோ கிடந்த ஒரு சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். வயிற்றுப் பக்கம் பட்டன் படாத பாடு பட்டது.

படத்தில் பொம்மைகளுக்கென்று ஓர் ஊர். அங்கே ஜட்ஜம்மா, டாக்டரம்மா, நாட்டை ஆளுகிறவர் எல்லாமே பெண்கள். ஆண்கள் சும்மா அழகாக நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு பொம்மை அந்த ஊரை விட்டு நம் உலகத்துக்கு வந்து, இங்கே எல்லாம் தலைகீழாக இருப்பதைப் பார்த்து முழிக்கிறது. அதைப் பிடித்துப் பழையபடி பெட்டிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். மகள் நடுவில் உட்கார்ந்து அத்தைக்கு ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மதினிக்கு வசனத்தில் அக்கறையில்லை.

"இம்புட்டுப் பெரிய வீடு, அடுப்பக் காணமேத்தா?" என்று சத்தமாகக் கேட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் கவலை வேறு. "இந்த ஆம்பளைகளுக்கு வீடு கெடையாதா? ராத்திரி எங்க போய்ப் படுப்பாய்ங்க?" என்று இடைவேளை வரை என் காதைக் கடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அப்படி ஒரு சிரிப்பு.

படம் முடிந்து வெளியே வந்து பாப்கார்ன் மிச்சத்தைக் கொறித்துக்கொண்டே மதினி தீர்ப்புச் சொன்னார். "படம் நல்லாத்தேன் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் காலாகாலத்துல ஒரு சடங்கச் சுத்தி வச்சிருந்தா, இப்படி ஊர விட்டு ஓடியிருக்காது."

மகள் அங்கேயே நின்றுவிட்டாள். "அத்த, எனக்குச் சடங்கு வேணாம்."

செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தோம். இல்லை. வீட்டுக்கு வந்ததும் விஷயம் முழுதாக வெளியே வந்தது. அவளுடன் படிக்கும் பெண்ணுக்குப் போன மாதம் சடங்கு. ரோட்டு முக்கில் ஆளுயரத்துக்கு அந்தப் பெண்ணின் படத்தோடு பிளக்ஸ் கட்டினார்கள். அடுத்த நாள் டியூஷனில் பையன்கள் அந்தப் பெண்ணைக் கேலி செய்தே அழ வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் டியூஷனுக்கு வருவதையே நிறுத்திவிட்டது.

"நகையப் போட்டு, முழு நாளும் உக்கார வச்சு, வாரவுக போறவுகெல்லாம் பாத்துட்டுப் போறதுக்கு நான் என்ன பொம்மையா? என் போட்டோவ ரோட்டுல கட்டுனா நான் எப்படி வெளிய போறது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பெற்றவளுக்கு ஆசை இருக்காதா? "பொம்மை விக்கிற காசுலதான்டி உனக்குச் சோறு" என்றேன்.

"அந்தப் படத்தையும் பொம்மை விக்கத்தான்மா எடுத்துருக்காங்க" என்றாள்.

"அப்புறம் என்னத்துக்குடி பாத்தே?"

"நல்லா இருந்துச்சு, பாத்தேன்."

மறுநாளிலிருந்து சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்து, நான் அந்த ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை கேள்வியைக் கேட்கவே கூடாதென்று சட்டம் போட்டாள். "பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்றுதான் கேட்க வேண்டுமாம். கேட்டேன். வந்த அப்பாக்களில் முக்கால்வாசிப் பேர் திருதிருவென்று முழித்து, வீட்டுக்குப் போன் போட்டார்கள். கடையில் கூட்டம் தேங்கியது. மகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் சடங்கு விஷயத்தில் மதினி இம்மி நகரவில்லை. தினமும் போன். "சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? நாளைக்கு எனக்கு ஏன் செய்யலன்னு கேக்கும்." மகள் போனைப் பிடுங்கி, "கேக்க மாட்டேன் அத்த" என்பாள். "கேப்ப" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளமாகக் கிடந்தேன்.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். நத்தத்திலிருந்து தம்பி போனில் நலம் விசாரித்திருக்கிறான். இவர் எப்போதும் பாதிப் பேச்சுதான் பேசுவார். "மருமக என்ன பண்ணுது?" என்று அவன் கேட்டதற்கு, "பொம்மைப் படம் பாத்ததுலருந்து வாயத் தொறந்தா அதே பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன பேச்சு என்பதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் தம்பி. பின்னால் துணி போட்டு மூடி, கயிறு கட்டி, கட்டை போல் நெட்டுக்குத்தலாக ஏதோ ஒன்று. ஃப்ரிட்ஜ் என்று நினைத்தேன். காய்கறிப் பையோடு காலை பஸ்ஸில் வந்திருந்த மதினி, பீரோ என்றார். தெருவே வேடிக்கை பார்க்க, மூன்று பேர் இறக்கினார்கள். தம்பி மந்திரவாதி மாதிரி துணியை உருவினான்.

பொம்மைப் பெட்டி. ஆளுயரம். பிளைவுட்டில் செய்து, உள்ளும் புறமும் ரோஸ் கலர் அடித்திருந்தது. முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கதவு. தலைமாட்டில் தங்க நிறத்தில் "எங்கள் வீட்டு இளவரசி".

"மேடையில மருமக இதுக்குள்ள நிக்கும். பாட்டுப் போடுவோம். பொகை வரும். கதவு தொறக்கும். நான் கையப் பிடிச்சுக் கூட்டி வருவேன். திண்டுக்கல்லுலயே யாரும் செஞ்சதில்லக்கா!" என்றான் தம்பி. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மகள் வாசலில் நின்று பார்த்தாள். முதலில் சிரித்தாள். தம்பியும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் அவள் உதடு கோணியது. "மாமா, அந்தப் பெட்டிக்குள்ள போக மாட்டேன்னுதான் மாமா அந்தப் படத்துல அவ ஓடுறா" என்றாள். அழுகையும் வந்துவிட்டது.

தம்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

நான்தான் எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னேன். மேடை வேண்டாம் என்கிறாள், பிளக்ஸ் வேண்டாம் என்கிறாள், என்று. சொல்லச் சொல்ல அவன் தோள் இறங்கியது. பாவமாக இருந்தது. "ஒத்த மருமகக்கா. தாய்மாமன் வெறுங்கைய வீசிட்டு வந்தான்னு சொல்ல மாட்டாய்ங்களா?" என்றான். அவன் சொல்வதும் நியாயம். அவள் அழுவதும் நியாயம். எனக்கு யார் மேல் எரிந்து விழுவதென்றே தெரியவில்லை. அதனால் வீட்டுக்காரர் மேல் விழுந்தேன்.

தம்பி லேசில் விடுகிறவனா? "ஏத்தா, உள்ள நின்னு பாத்தா ஒனக்கே பிடிச்சுப் போகும். இங்க பாரு" என்று தானே உள்ளே போய் நின்றான். கதவு சாத்திக்கொண்டது. அவன் உடம்புக்கு அந்தப் பெட்டி அளவெடுத்த மாதிரி இருந்தது, கையைக் கூடத் தூக்க முடியவில்லை. ஆடி மாத வெயில். செத்த நேரத்தில் பிளாஸ்டிக்கில் ஆவி பிடித்து அவன் மீசை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. திறக்கச் சொல்லி முட்டியால் தட்டினான். வெளியே வந்தபோது குளித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

சரி, புரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

"உள்ள செத்த வேக்காடாத்தேன் இருக்கு. ஒரு ஃபேன் வச்சுருவோம்" என்றான்.

தெருவே சிரித்தது. மகள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரிக்காதவர் மதினி ஒருவர்தான். சடங்கு வேண்டும் என்று இத்தனை நாள் குதித்தவர் அவர். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று எல்லாரும் அவரையே பார்த்தோம்.

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். போய்ப் பெட்டிக்குள் ஏறி, திரும்பி, எங்களைப் பார்த்து நின்றார். முந்தானையை இழுத்துச் சரிசெய்தார்.

"ஏத்தா, ஒரு போட்டோ எடு" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. மகள் போனை எடுத்தாள்.

"எனக்கு ஒரு கல்யாணப் போட்டோ இருக்கு. அதுல அவுகதேன் தெரியிறாக. நான் குனிஞ்சே நிக்கேன், வகிடு மட்டுந்தேன் தெரியும்" என்றார் மதினி. "அவுக போனதுக்கப்பறம், எந்த விசேசத்துலயும் போட்டோ எடுக்க வாங்கன்னு சத்தம் கேட்டா, பந்தியப் பாத்துட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிருவேன். நான் போறத யாரும் பாத்ததில்ல. கூப்பிட்டதும் இல்ல."

நான் பார்த்ததில்லை என்பது உண்மை. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி ஒழுங்காக நடந்ததற்கு மதினியை எத்தனையோ தடவை பாராட்டியிருக்கிறேன்.

மதினி பெட்டியிலிருந்து இறங்கவில்லை. மகளைப் பார்த்தே பேசினார். "ஒனக்கு மேடை கட்டணும், சோடிச்சு வைக்கணும், ஊரே பாக்கணும்னு ஏன் இம்புட்டுக் குதிச்சேன்னு இப்பத்தேன் தெரியிது. ஆச எனக்குத்தேன் ஆத்தா. அத ஒன்னோடதுன்னு நெனச்சுப்புட்டேன். ஒனக்கு வேணாம்னா வேணாம். மண்டபத்த விட்ருவோம்."

மகள் போட்டோ எடுத்தாள். "அத்த, சிரிங்க" என்றாள். "கையக் கட்டாம நில்லுங்க" என்றாள். எத்தனை எடுத்தாளோ தெரியாது. தம்பி தன் துண்டால் பிளாஸ்டிக் கதவை உள்ளும் புறமும் துடைத்துக் கொடுத்தான். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, அடுத்து நாங்கள் நிற்கிறோம் என்று வரிசை கட்டினார்கள்.

"அப்ப சீரு?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

"சீரு வேணும் மாமா. கியர் சைக்கிள்" என்றாள் மகள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ரோஸ் கலர்ல" என்றாள். இவளோடு நான் எந்தப் பக்கம் நிற்பது, சொல்லுங்கள்.

ஆவணியில் வீட்டுக்குள்ளேயே சொந்தக்காரர்கள் மட்டும் கூடினோம். மாமன் சேலையும் சைக்கிளும் வந்தன. பிளக்ஸ் இல்லை. சாப்பாட்டுக்கு இலை போட்ட நேரத்தில், போட்டோ எடுக்கலாம் வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். மதினி முதல் ஆளாக வந்து மகளுக்குப் பக்கத்தில் நடுவில் நின்றுகொண்டார். என்னைத்தான் பந்தியைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.