சுகிர்தம் ஊட்டிய சோறு

மன்னாரில் ஆஸ்பத்திரித் தாதி சுகிர்தம் மிஸியைத் தெரியாதவர் கிடையாது. ஊசி போட்டால் நோகாத கை என்பார்கள். ஆனால் ஊர் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது தங்கை பியட்றிஸுக்காகத்தான். பிறந்ததிலிருந்தே கைகால் இழுத்துக்கொண்ட பிள்ளை பியட்றிஸ், பேச்சும் இல்லை. தாய் கண்ணை மூடிய பிறகு மூன்று வேளையும் அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டியவள் சுகிர்தம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவளுக்கு ஆர் சோறு தீத்துறது?" என்று கேட்டுத் தட்டிக்கழித்தாள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றது ஊர். அது அவளுக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று நான் ஏன் பொய் சொல்லவேண்டும்?

1983 தொடக்கத்தில் கன்னியர் மடத்துச் சகோதரிகள் அவளைத் தனியே பாரிசுக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கே எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று மூன்று மாதம் பார்த்துப் படிக்கவேண்டும். திரும்பி வந்து மன்னாரில் ஓர் இல்லம் தொடங்கவேண்டும். பியட்றிஸை ஆலீஸ் சின்னம்மாவிடம் விட்டாள். "கையாலை தீத்துங்கோ சின்னம்மா. சோத்துக் கோப்பையை அவளுக்குக் கிட்ட வையாதையுங்கோ, கொட்டிப்போடுவாள்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒன்றுவிட்ட அண்ணன் யோன் வீட்டில் தங்கினாள். வீடென்றால் ஓர் அறை. யோனும் மனைவி புஸ்பராணியும் திரைக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். காலையில் மெட்ரோ பிடித்துப் பிள்ளைகள் நிலையத்துக்குப் போவாள். அங்கே மரி-லூயிஸ் என்ற புதுச்சேரிக்காரத் தாதி அவளுக்குப் பிரெஞ்சைத் தமிழாக்கிச் சொன்னாள்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டிலேயே சுகிர்தத்துக்குப் பொறுக்கவில்லை. நதாலி என்ற சிறுமி. பியட்றிஸின் கைகளே அவளுக்கும். தடித்த பிடிபோட்ட கரண்டியால் மசித்த உருளைக்கிழங்கை எடுக்கிறாள். அது மடியில் விழுகிறது. மறுபடி எடுக்கிறாள், கன்னத்தில் அப்புகிறது. எதிரே மரி-லூயிஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையைப் பசியில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிற சனம்! மரி-லூயிஸ் தண்ணீர் எடுக்க எழுந்ததும் சுகிர்தம் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஆ காட்டு பிள்ளை, ஆ..."

நதாலிக்குத் தமிழா தெரியும்? ஆனாலும் வாயைத் திறந்தாள். கோப்பை நொடியில் காலி. மரி-லூயிஸ் எழுந்துபோகிற போதெல்லாம் சுகிர்தம் அந்தத் திருட்டைச் செய்தாள், அதுவும் சந்தோஷமாக.

ஒரு நாள் நதாலி கரண்டியைத் தொடவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு சுகிர்தத்தையே பார்த்தாள். மரி-லூயிஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"என்னங்க மதாம் பண்ணிட்டீங்க? அந்தக் கரண்டியப் புடிக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆச்சுங்க. நாளைக்கு நாம இல்லன்னா அவ என்ன பண்ணுவா?"

அதட்டவில்லை. அழுகிற குரலில் கேட்டாள். அதுதான் சுகிர்தத்தைக் கொன்றது. மெட்ரோவில் வரும்போது அவளுக்குப் பழைய ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. சின்னப் பிள்ளையாக இருந்த பியட்றிஸ், வளைந்த கையை இழுத்து இழுத்துக் கொண்டுவந்து சோற்றில் வைத்தாள். சோறு சிந்தியது. சுகிர்தம் அந்தக் கையை மெல்ல எடுத்துத் துடைத்து மடியில் வைத்தாள். பிறகும் அந்தக் கை வந்தது. ஒவ்வொரு முறையும் துடைத்து மடியில் வைத்தாள். கடைசியில் அது வருவதை விட்டுவிட்டது.

அந்த வாரமே தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து மடத்துக்கு அழைத்தாள். சகோதரிகள் கூட்டிவந்த ஆலீஸ் சின்னம்மா அழுதாள்.

"என்ரை கையாலை வாங்கிறாளில்லை பிள்ளை. வாசலையே பாத்துக்கொண்டு கிடக்கிறாள். நல்லா மெலிஞ்சுபோனாள். இப்ப காய்ச்சலும்."

"சின்னம்மா, கோப்பையை அவளுக்கு முன்னாலை வையுங்கோ. கையை அதிலை எடுத்து வைச்சுவிட்டிட்டுப் பேசாமல் இருங்கோ. கொட்டினாலும் பரவாயில்லை."

"உனக்கென்ன விசரே? கை ஏலாத பிள்ளைக்குக் கோப்பையை வைக்கச் சொல்லுறாய்!"

யோன் ரூ லூயி-பிளாங்கில் இருந்த பயண முகவரிடம் ஓடிப் பயணத் தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்டான். அடுத்த கிழமைக்குத்தான் இடம் இருந்தது. மரி-லூயிஸ் தடித்த பிடிபோட்ட கரண்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். சுகிர்தம் அதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

பெட்டியைப் பூட்டவில்லை. அதற்குள் தந்தி வந்துவிட்டது. மறுபடி மடத்துக்கு அழைத்து, கூண்டுக்குள் நின்று சின்னம்மா சொல்வதைக் கேட்டாள்.

"கடைசியிலை நீ சொன்னபடி வைச்சுப் பாத்தனான் பிள்ளை. கையை இழுத்து இழுத்துக் கொண்டுவந்து ஒரு வாய் அள்ளித் திண்டவள். என்னைப் பாத்துச் சிரிச்சவள். அண்டைக்குப் பின்னேரம்தான்..."

ஒரு வாய். ஆயுள் முழுக்க அந்தக் கைக்கு அவ்வளவுதான் கொடுத்துவைத்தது. அதைச் சோற்றிலிருந்து எடுத்து எடுத்து மடியில் வைத்தவள் வேறு யாருமில்லை, ஊர் மெச்சிய அக்காதான்.

மறுநாளும் சுகிர்தம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புஸ்பராணி சோற்றைக் குழைத்து உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துக்க வீட்டில் யாரும் செய்வதுதான்.

"ஒரு வாய் எண்டாலும் வாங்குங்கோ மச்சாள். ஆ காட்டுங்கோ."

சுகிர்தம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு கோப்பையைப் பறித்துத் தன் மடியில் வைத்தாள்.

"விடு. நானே சாப்பிடுறன்."

சோற்றுக்குள் கையை வைத்தாள். அந்தக் கை எழவில்லை.