பாதி வேகம்

சித்தப்பா இறந்த வருடம், ஏரியில் அவருக்கிருந்த பாடு சித்திக்குக் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பாடு என்றால், வலை கட்ட ஒவ்வொரு படகுக்கும் வரும் முறை. பெண்ணுக்கு ஏது முறை என்றார்கள். அடுத்த முறைக்குப் படகை நானே இறக்குகிறேன் என்றாள் சித்தி. அவள் படகுக்கு யாரும் வேலை செய்யக் கூடாது என்று உடனே இன்னொரு தீர்ப்பு வந்தது. படகில் என்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டமோ விரிசல் விட்டிருந்தது.

மாமாவிடம் டீசல் என்ஜினில் ஓடும் வெல்டிங் மிஷின் இருந்தது. முறைக்கு முந்தின நாள் அதைத் தள்ளிக்கொண்டு போய் டச்சுக்காரர் கல்லறை மதிலுக்குப் பின்னால் நிறுத்தினார். சட்டத்தைச் சித்தி சுமந்து வந்தாள். டீசல் கேன் என் பொறுப்பு.

வெல்டிங் ராடு பற்றவில்லை. தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. மாமா ராடுகளை வெயிலில் காயவைத்தார். எர்த் கிளாம்ப்பின் உப்புத் துருவைச் சுரண்டினார். சுருண்டு கிடந்த கேபிளை நீட்டிப் போட்டார். கார்பன் பிரஷ்ஷைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கரண்ட் எவ்வளவு வருகிறது என்று பார்க்க மிஷினில் செருகியிருந்த பல்பு மங்கி மஞ்சளாகவே எரிந்தது.

"மாமா, ஆக்சிலேட்டர் பாதிலயே நிக்குது" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? கம்முனு இரு."

சித்தி எழுந்து வந்து பார்த்தாள். "சத்தம் ஊருக்குக் கேக்கும்னு கொறச்சு வச்சிக்கிறியாண்ணே?"

மாமா பிரஷ்ஷை மறுபடி கழற்றப் போனார்.

"நாளைக்கு எல்லாரு கண்ணு எதிர்லதான் போட்டுல ஏறப்போறேன். இன்னிக்கு இன்னா ஒளிவு? ஏத்துடி."

ஏற்றினேன். என்ஜின் அலறியது, பல்பு வெளுத்தது. அடுத்த ராடு சீறிப் பற்றியது.

சத்தம் கேட்டு ஊர்ப் பெரியவர்கள் இருவர் மதிலோரம் வந்து நின்றார்கள். "யாரைக் கேட்டுடா பண்றே?" என்றார் ஒருவர்.

"என் தங்கச்சியை" என்றார் மாமா, முகத்துக் கவசத்தைத் தூக்காமலே.

மறுநாள் சித்தி தன் இடத்தில் வலை கட்டிவிட்டுத்தான் கரைக்கு வந்தாள்.

இப்போது இம்மாதிரி மிஷின்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில். கரண்ட் குறைந்தால் முதலில் என்ஜின் வேகத்தைப் பார் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று பழுதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று பள்ளியெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் அந்த வருடம் முழுக்கக் குப்பத்தில் ஒருவரும் மாமாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. மிஷின்தான் சரியாகிவிட்டதே, அப்புறம் ஏன் என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஆமாம்மே, இப்ப ஜோரா ஓடுது" என்றவர், மீஞ்சூர்ப் பக்கம் வேலை தேடிப் போக மிஷினை வண்டியில் ஏற்றினார்.