நடுக்கொல்லையில் உழாத துண்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ரோட்டோரமாக ஒரு மானாவாரிக் கொல்லை இருந்தது. ஆடி மழை பெய்து, நிலக்கடலை விதைக்க என் வீட்டுக்காரர் ஏர் பூட்டிய அன்று, மாடுகளுக்கு முன்னாலிருந்து ஒரு பறவை எழுந்தது. பறக்கவில்லை, ஏதோ எங்களைக் கண்டிக்க வந்ததுபோல நிமிர்ந்து நடந்து போனது. கூழ் கொண்டுபோன நானும் பார்த்தேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் குறைவான உயரம், நீண்ட வெளிர்க் கழுத்து, கறுத்த உச்சந்தலை. மயிலும் இல்லை, கொக்கும் இல்லை. அது எழுந்த இடத்தில், வெறும் தரையில், ஒற்றை முட்டை கிடந்தது.

எங்கள் பக்கம் முட்டைமேல் ஏர் ஓட்டுகிறவர் கிடையாது. ஆள்காட்டிக் குருவியின் முட்டையாக இருந்தாலும் அந்த இடத்தைத் துண்டாக விட்டுவிட்டு மிச்சத்தை உழுவார்கள். குஞ்சு போனபிறகு மண்வெட்டியால் கொத்தி விதைத்துக்கொள்வது வழக்கம். அவரும் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு விட்டுவிட்டு உழுதார்.

பக்கத்துக் கொல்லைக்காரி தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண், என்னைவிட இளையவள். வந்து பார்த்தவள் வாயில் கை வைத்தாள்.

"பட்டமேகப் பிட்டங்கக்கா இது! எல்லாத்தையும் சுட்டுத் தின்னு தீத்துட்டாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு."

அந்த வழியாக சைக்கிளில் போகும் காட்டிலாகா கார்டிடம் என் வீட்டுக்காரர் சொன்னார். கார்டு வந்து தூரத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவள் சொன்ன பட்டமேகப் பிட்டைக்குத் தமிழில் கானமயில் என்று பெயர் என்றார். இந்தப் பக்கம் அந்த இனமே அற்றுப்போய்விட்டது என்று மேலதிகாரிகள் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார்களாம். புதுச் சட்டம் வந்திருக்கிறது, தொட்டால் ஜெயில் என்றும் சொன்னார். உடனே குரலைத் தாழ்த்தினார். "துப்பாக்கியோட ஜீப்புல வர்றவன் சட்டத்துக்கெல்லாம் பயப்பட மாட்டானுங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டால் ஜெயில் என்றால் ஊரெல்லாம் தமுக்கடிக்க வேண்டியதுதானே? சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்றால் நாங்கள் என்னதான் செய்வது?

நாங்கள் மூச்சு விடவில்லை. இருந்தும் ஜீப் வந்தது. முயலும் கௌதாரியும் சுடுகிற டவுன் ஆட்கள். எங்கள் கொல்லைக்கு எதிரில் நிறுத்தி, உழாத துண்டையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு அவர்களை நோக்கி நடக்கவும், "அப்புறம் வரோம்" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

யார் சொன்னது? அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று களி கிண்டவில்லை. நான் பக்கத்துக் கொல்லைக்காரியை நினைத்தேன், அவள் கார்டை நினைத்தாள், கார்டு எங்கள் மூன்று பேரையும் நினைத்தார்.

சந்தையிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லை முழுக்கச் செம்மண், நடுவில் அந்தத் துண்டு மட்டும் பச்சையாக, சவரம் செய்தவன் மறந்துவிட்ட தாடி மாதிரி நின்றது. யாரும் சொல்லவில்லை, எங்கள் ஏரே சொல்லியிருக்கிறது. உழாத துண்டில் முட்டை இருக்கும் என்பது வேட்டைக்காரனுக்குத் தெரியாதா?

அதையும் உழுதால் பறவை போய்விடும். விட்டுவைத்தால் ஜீப் வரும். முட்டையை எடுத்து நம் கோழிக்கு அடை வைக்கலாமா என்று கேட்டேன், அவர் முறைத்தார். கடைசியில் பக்கத்துக் கொல்லைக்காரிதான், "எங்க கொல்லையிலயும் ரெண்டு துண்டு வுட்டுட்டா?" என்றாள். சுற்றியிருந்த மற்றக் கொல்லைக்காரர்களும் அந்த வாரம்தான் ஏர் பூட்ட இருந்தார்கள். இந்த வருஷம் எங்கே பார்த்தாலும் ஆள்காட்டி முட்டை என்று அவர்களிடம் ஒரு புளுகு புளுகினோம். திட்டிக்கொண்டே அவர்களும் ஆளுக்கொரு துண்டு விட்டார்கள்.

ஜீப் மறுபடி வந்தது. போன தடவை பார்த்தது எது என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. ஒருவன் அங்கே கைகாட்ட, இன்னொருவன் இங்கே காட்ட, ஒவ்வொரு துண்டாக மிதித்துத் தேடினார்கள். விதைத்த கொல்லையை மிதித்தால் யார் சும்மா இருப்பார்கள்? எங்கள் துண்டை எட்டுவதற்குள் ஊரே திரண்டு வாய்க்கு வந்தபடி ஏசியதில் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது.

பிறகு ஒருநாள் காலையில் எங்கள் துண்டில் முட்டை ஓடுதான் கிடந்தது. பொரிந்துவிட்டது என்றார் அவர். நரி என்றேன் நான். கார்டு ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் கொல்லை கொல்லையாகத் தேடினேன். அழுகை வந்தது, ஒரு பறவைக்காகவா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கடலை பிடுங்கும்போது பக்கத்துக் கொல்லைக்காரியும் நானும் காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். அந்தக் குஞ்சு பிழைத்ததோ இல்லையோ என்றேன்.

"நான் பாத்தனே," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "ஓடு கெடந்த அன்னிக்கே எங்க துண்டுக்கு வந்துடுச்சு."

"ஏண்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு கார்டு சொன்னாருங்களே."

"யாருகிட்டயும்னா நானுமா?"

அவள் அடுத்த செடியை எடுத்துக் காய் ஆய்ந்தாள். இவளை அடிப்பதா, கட்டிக்கொள்வதா? இல்லை, என் மனசு ஆறட்டும் என்று பொய் சொல்கிறாளா? "நெஜமாவே குஞ்சு இருந்துச்சா?" என்றேன்.

அவள் எழுந்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தாய் பின்னாலயே ஓடுச்சுங்கக்கா," என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.