யார் கூட யார் போனது

கெய்ரோவில் மெர்வத் மயக்க மருந்து டாக்டர். கணவன் வகீஹ், மகள் டெமியானாவுடன் கனடாவின் மிஸ்ஸிசாகாவுக்குக் குடிவந்த பிறகு, அங்கேயும் டாக்டராக வேண்டும் என்று பரீட்சை மேல் பரீட்சையாக எழுதினாள். எல்லாம் தேறியும் எந்த ஆஸ்பத்திரியும் பயிற்சிக்கு இடம் தரவில்லை. கடைசியில் அபுதாபியிலிருந்து வேலை வந்தது. போனாள்.

வகீஹ் ஒரு கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டு மகளை வளர்த்தான். அப்பாவும் மகளும் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். மெர்வத்துக்கு மட்டும் நிரந்தர வசிப்புரிமை அட்டைதான். ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது கனடாவில் இருந்தால்தான் அது நிலைக்கும். அவளோ லீவு கிடைத்தபோதெல்லாம் ஓடிவந்து, துணி துவைத்து, சமைத்து ஃப்ரீஸரில் அடுக்கிவைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். எப்படிக் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறவில்லை.

டெமியானா காலேஜ் படிக்கக் கிங்ஸ்டன் ஊருக்குப் போய்த் தங்கிய வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் கூடத்தில் யாரோ வகீஹிடம் ஒரு சேதி சொன்னார்கள். அவன் அங்கிருந்தே போன் போட்டான்.

"மெர்வத், நான் அங்க வந்துடறேன்."

"வந்து என்ன பண்ணுவ?"

"சமைப்பேன். கனடாக் குடிமகனான புருஷன்கூட வெளிநாட்டுல இருந்தா, அந்த நாளெல்லாம் நீ கனடாவுல இருந்த மாதிரியாம்."

"இரு, இதைக் கேக்க நான் மொதல்ல உக்காரணும்."

அவன் போனான். இத்தனை வருஷம் பிரிந்திருந்தவர்களுக்கு ஒரே வீடு பழக நாளாயிற்று. அவன் ஜன்னல் திரையைத் திறப்பான், அவள் மூடுவாள். அவன் முலுக்கியா கீரையைக் கொழகொழவென்று கிண்டிவைப்பான், அவள் பேசாமல் சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தலை சாய்ப்பாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அதன்பின் லீவில் வந்திறங்கியபோது டொராண்டோ விமான நிலையத்தில் ஒரு இளம் குடிவரவு அதிகாரி அவர்களைத் தனியாக உட்காரவைத்தார்.

"அபுதாபியில வேலை யாருக்கு?"

"எனக்கு," என்றாள் மெர்வத்.

"அப்போ நீங்க அவர்கூட போகலை. அவர்தான் உங்ககூட போயிருக்கார். அது கணக்குல சேருமான்னு பாக்கணும்."

வகீஹுக்குப் பொறுக்கவில்லை. "சார், கல்யாணமான நாள்லேருந்து இந்த டாக்டரம்மா பின்னாடிதான் நான் போறேன். கெய்ரோவுல யாரை வேணாக் கேளுங்க."

மெர்வத் அவன் காலை மிதித்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"தப்பா சொல்லிட்டேனா?"

"உண்மையத்தான் சொன்ன. அதான் பயமா இருக்கு."

அவர் திரும்பி வந்தபோது கூடவே மேலதிகாரி ஒரு பெண்மணியும் வந்தார். "நீங்க இங்க இருக்கறதே இல்ல. பிறகு இந்த அட்டை எதுக்கு உங்களுக்கு?" என்று மெர்வத்தைக் கேட்டார்.

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"என் பொண்ணு இங்க இருக்கா. வீடு இங்க இருக்கு. வேலை மட்டும்தான் இங்க கெடைக்கல. கெடைச்சிருந்தா நான் ஏம்மா போகப்போறேன்?"

குரலில் கோபமில்லை. ஆபரேஷனுக்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரல் அது.

அந்தப் பெண்மணி கல்யாணப் பத்திரத்தையும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் மறுபடி பார்த்தார். "ஒரே வீட்டுல வாழ்ந்திருக்கீங்க. எனக்கு அது போதும். அடுத்த தடவை வேற ஆள் இருந்தா வேற மாதிரி கேப்பாங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க."

வெளியே டெமியானா காத்திருந்தாள். "மம்மா, விட்டுட்டாங்கல்ல? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வேற மூஞ்சி கைவசம் இல்லடி."

டெமியானா காரை ஓட்டினாள்; மெர்வத் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வீடு நெருங்கும்போது மெர்வத் சொன்னாள்: "ஜூன்ல அபுதாபி வேலை ஒப்பந்தம் முடியுது. திரும்பக் கையெழுத்துப் போடமாட்டேன்."

வகீஹ் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "இங்க டாக்டர் வேலை கெடைக்காதே."

"தெரியும்."

இலையுதிர் காலத்தில் பிராம்ப்டனில் ஒரு ஸ்கேன் நிலையத்தில், பெயர் சொல்லி நோயாளிகளை உள்ளே கூப்பிடும் வேலையில் சேர்ந்தாள். வகீஹ் பழைய கிடங்குக்கே திரும்பினான். ஸ்கேன் நிலையத்து டாக்டர் பையன் அவளை "மெர்வத்" என்றே கூப்பிடுவான். முதல் வாரம் அது உறுத்தியது. சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது கால் கடுக்கும். அபுதாபியிலும் கடுத்ததுதான். இங்கே, காலையில் எழுந்தால் போய்விடுகிறது.