கப்பலில் பிள்ளைகளை எண்ணும் வேலை

1. பட்டியல்

காலை மணி ஆறு முப்பத்தைந்து. ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நின்ற வாடகை பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, ஒரு பெண் தன் தம்பிக்குச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் புதுச் சப்பாத்து. பஸ்ஸின் மேல் ஏற்றிய பெட்டிகளில் அவர்களுடையதுதான் பெரியது. மூன்று வாரப் பயணத்துக்கு அவ்வளவு பெரிய பெட்டியை வேறு எந்தக் குடும்பமும் கொண்டுவரவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. அதற்கு முன் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஈப்போ செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருமானம் போதாமல் காதர் பாயின் பயண ஏஜென்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் மெட்ராசுக்கும் போகும் கப்பலுக்கு டிக்கெட் போடுவதுதான் எங்கள் முக்கிய வேலை. அந்த வருடம் காதர் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. சொந்த ஊருக்குப் போகும் குடும்பங்களை ஒரே கூட்டமாகச் சேர்த்து, ‘குடும்பக் கப்பல் சுற்றுலா’ என்று கடை வாசலில் எழுதி வைத்தார். ஐந்து நாள் கடல், மூன்று வேளை சாப்பாடு, மேல்தளத்தில் சினிமா. பிள்ளைகளை அழைத்து வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அந்த ஆள் நான். வயசுப் பெண்களை வைத்திருந்த பெற்றோர், கூட வருவது பெண்ணாக இருந்தால்தான் பணம் கட்டுவோம் என்றார்கள்.

செமோர், தாப்பா, தைப்பிங், ஈப்போ என்று பதினொரு குடும்பங்கள் சேர்ந்தன. பிள்ளைகள் இருபத்து நான்கு பேர். கைக்குழந்தையிலிருந்து பதினாறு வயது வரை.

பயணத்துக்கு முந்தின நாள் காதர் பாய் பட்டியலில் இரண்டு பெயர்களைக் காட்டினார். மாலதி, வயது பதினான்கு. சேகர், வயது ஒன்பது. தகப்பன் மாரிமுத்து மரக்கட்டை லோரி ஓட்டுகிறவர். பட்டியலின் கடைசிப் பத்தியில் போய்வருகிறவர்களுக்கு ‘ஆர்’ என்றும், போகிற வழிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு ‘எஸ்’ என்றும் அடிப்போம். மாரிமுத்துவுக்கு ‘ஆர்’. அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் ‘எஸ்’.

“அதுங்களுக்குத் தெரியாதும்மா. ஊர்ல அத்தை வீட்ல விட்டுட்டு வரப்போறாரு. அங்க போய்த்தான் சொல்லப்போறாராம். நீ வாயத் திறக்காத. டிக்கெட்டு யாரு எடுத்தாங்களோ, அவங்க சொல்லிக்கட்டும்லா” என்றார் காதர் பாய்.

சரி என்றேன். செய்தி எழுதிய காலத்திலும் சொல்லக் கூடாததைச் சொல்லாமல் இருந்து பழகியிருந்தேன். அதில் எனக்குச் சிரமம் எதுவும் தெரியவில்லை.

2. ரிப்பன் கட்ட மாட்டோம்

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது படுக்கைக் கூடங்கள். கீழ்த்தளத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இரும்புக் கட்டில்கள், மேலும் கீழுமாக. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்கள் பெண்கள் கூடத்தில் படுக்கலாம். அதற்கு மேல் அப்பாவோடு.

கப்பலில் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடல் தலைசுற்றலைவிடப் பெரிய தொல்லை, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் போவது. படிகள் செங்குத்து. கதவுகள் கனம். மேல்தளத்துக் கம்பித் தடுப்பில் ஆறு வயதுக் குழந்தை ஏறிவிடும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று முறை தலை எண்ணுவது என்று முடிவு செய்தேன். காலைத் தேநீருக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, இருட்டுவதற்கு முன்பு. ஜவுளிக் கடையில் வெட்டுத் துணி வாங்கி, குடும்பத்துக்கு ஒரு நிறமாக மணிக்கட்டில் கட்டிவிட்டேன்.

சின்னப் பிள்ளைகள் அதை ஆசையாகக் கட்டிக்கொண்டார்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் இருந்த ஏழு பேரும் கையை நீட்டவில்லை. தைப்பிங்கிலிருந்து வந்த ரவி, அகலக் கால்சட்டையும் டிரான்சிஸ்டருமாக நின்றவன், எல்லாருக்குமாகப் பேசினான்.

“நாங்க என்னா ஆட்டுக்குட்டியாக்கா, துணி கட்டி ஓட்டிட்டுப் போக?”

அதட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. துணியை மடித்துப் பையில் போட்டுவிட்டு, எண்ணும் வேலையை அவர்களிடமே கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள். அவர்களோடு தன்னையும் சேர்த்து எண்ண வேண்டும். மொத்தக் கணக்கை ஒருவர் வாங்கி என்னிடம் எழுதித் தர வேண்டும். முதல் நாள் மாலையே வேலை ஒழுங்காக நடந்தது. துணி கட்டிக்கொள்ள மறுத்த ரவி, தன் பொறுப்பில் இருந்த தாப்பா இரட்டையரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு திரிந்தான்.

மொத்தக் கணக்கை வாங்கியவள் மாலதி, பஸ் படியில் தம்பிக்குக் கயிறு கட்டிவிட்ட பெண். படிவம் இரண்டு, ஊர்க் கணக்கில் எட்டாம் வகுப்பு, முடித்திருந்தாள். அடுத்த ஆண்டு அரசாங்கப் பரீட்சை. பெட்டியில் கணக்குப் புத்தகம் இருந்தது. பெண்கள் கூடத்தின் விளக்கடியில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு குறைவு. யார் எங்கே என்று கேட்டால் உடனே சொல்வாள்.

இரண்டாம் நாள் அவள் என்னிடம் பெயர்ப் பட்டியல் கேட்டாள். பெயர் தெரிந்தால் கூப்பிட்டு எண்ணலாம் என்றாள். நியாயமான கேள்வி. என் பையில் டைப் அடித்த பட்டியலின் கார்பன் நகல் ஒன்று கூடுதலாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அப்போது கடல் கொஞ்சம் ஆடத் தொடங்கியிருந்தது, இரண்டு தாய்மார்கள் வாந்தியோடு படுத்திருந்தார்கள், எனக்கு அவசரம். கடைசிப் பத்தி என் நினைவுக்கு வரவில்லை.

3. இருபத்திரண்டு

மூன்றாம் நாள் காலை தேநீர் வரிசையில் மாலதி பட்டியலைக் காட்டிக் கேட்டாள்.

“அக்கா, கடைசியில ஆர், எஸ்னு அடிச்சிருக்கே, என்னா அது?”

“ஆபீஸ் குறிப்பும்மா. நமக்கு வேணாம் அது.”

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். பட்டியலைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு வேறு யாரிடமும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இருபத்து நான்கு பிள்ளைகளில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு எழுத்து, அந்த இரண்டு பேரின் அப்பாவுக்கு வேறு எழுத்து. கணக்கில் கெட்டிக்காரப் பெண்.

அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கடல் மோசமாகிவிட்டது. மேல்தளக் கதவுகளை அடைக்கப்போவதாகக் கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கணக்குச் சீட்டை மாலதி நேரில் கொண்டுவரவில்லை. ஒரு சின்னப் பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். சீட்டில் ‘22’ என்று மட்டும் இருந்தது.

நான் நேராகப் பர்சரிடம் ஓடினேன். பயணிகள் நிர்வாகம் பார்க்கும் அதிகாரி அவர். கதவடைப்பதை நிறுத்தி, மேல்தளத்துக்குக் கலாசிகள் என்ற கப்பல் வேலையாட்கள் இருவரை அனுப்பினார். ஒலிபெருக்கியில் அறிவிப்புப் போனது. ஆண்கள் கழிப்பறைகளிலும் சமையல்கட்டுப் பக்கமும் தேடினார்கள். தாப்பாக்காரம்மா இரட்டையரை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதார். பிள்ளைகளைத் தகப்பன் தாயோடு வரிசையாக நிற்கச் சொல்லி நானே எண்ணினேன். இருபத்து நான்கு. மறுபடி எண்ணினேன். இருபத்து நான்கு.

வரிசையின் கடைசியில் மாலதி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரை விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

“என்னையும் தம்பியையும் சேக்கல அக்கா. நாங்கதான் திரும்பி வர்ற கூட்டத்துல இல்லையே.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பதினொரு குடும்பமும் அங்கே நின்றிருந்தது. மாரிமுத்து அவளுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் நின்றார். அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. பர்சர், விளையாட்டுக்குக் கப்பல் முழுக்கத் தேடவைத்ததாக என்னை ஆங்கிலத்தில் திட்டினார். அந்தத் திட்டு எனக்குரியதுதான்.

4. ஒரு படுக்கை

மறுநாள் காலை மாரிமுத்து என்னைத் தேடி வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீர்க் குவளையோடு எதிரே உட்கார்ந்தார். பிறகு தானாகவே சொன்னார். செமோர் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்து, ஈப்போவுக்கு வெளியே ஈயம் தோண்டிவிட்ட குட்டை ஓரமாக ஒரு பலகை வீட்டுக்கு வந்தார்கள். மனைவி இறந்து மூன்று வருடம். வடக்கே கிரிக் காட்டுக்கு மரம் ஏற்ற லோரி எடுத்துப் போனால் இரண்டு இரவு வீட்டுக்கு வர முடியாது. தோட்டத்தில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இங்கே பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. ஒரு முறை திரும்பி வந்தபோது கதவின் கொக்கி உடைந்திருந்தது. பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள்.

“துறையூர்ப் பக்கம் எங்க அக்கா இருக்கு. நல்லா பாத்துக்கும். எனக்கு வேற வழி தெரியலலா” என்றார்.

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொல்லியிருந்தா இந்தப் புள்ள கப்பல் ஏறியிருக்குமா? அஞ்சு நாளாச்சும் சந்தோசமா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

மாலதியிடமும் பேசினேன். அவள் கேட்டது ஒன்றுதான். பரீட்சை எழுத வேண்டும், இருவரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கொக்கிக்குப் பதில் பூட்டுப் போட்டால் போதும் என்றாள்.

டிக்கெட் எடுத்தவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற விதியை நான் ஏற்கெனவே உடைத்துவிட்டேன். இனி உதவுவதில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. திரும்பும் கப்பல் நிறைந்திருந்தது. ஆனால் தாப்பாக் குடும்பத்து அம்மா இரட்டையரைக் கணவரோடு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் தாய் வீட்டில் தங்குவதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். பெண்கள் கூடத்தில் அவருடைய படுக்கை காலி. நாகப்பட்டினத்துக்கு முன்பே பெயர் கொடுத்தால் அதைப் பிடித்து வைக்கலாம். பர்சரிடம் போனேன். ஒரு படுக்கையில் அக்காளும் தம்பியும் படுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். உயிர்காப்புப் படகில் இத்தனை தலைக்குத்தான் இடம், படுக்கைக்கு ஒரு பெயர்தான் எழுதுவேன் என்றார். அன்று மாலை ஆறு மணிக்குள் பெயர் வேண்டும் என்றார்.

மாரிமுத்துவிடம் சொன்னேன்.

“ஒன்னுதானா?”

“ஒன்னுதான் அண்ணே.”

நான் நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஆண்கள் கூடத்துக்குப் போனார். ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்து, மாலதியின் பெயரை எழுதச் சொன்னார். சின்னவன் சீக்கிரம் பழகிக்கொள்வான், அடுத்த வருடம் வந்து கூட்டிக்கொள்ளலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். மாலதியிடம் அவரே சொல்வதாகச் சொன்னார். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

5. நாகப்பட்டினம்

பின்னர் எண்பதுகளின் நடுவரை இந்த வேலையில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளில் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். பிள்ளைகளை எண்ணுவதற்கு ஒரு பட்டியல், ஆபீசுக்கு ஒரு பட்டியல். எண்ணும் பட்டியலில் பெயரும் வயதும் மட்டும் இருக்கட்டும். கார்பன் நகலை யார் கையிலும் கொடுக்காதீர்கள். காலியான ஒரு படுக்கையைப் பற்றி ஒரு குடும்பத்திடம் பேசுவதற்கு முன், அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பயணத்தில் நான் அதைச் செய்யவில்லை.

திரும்பும் கப்பல் நாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றது. பயணிகளைப் படகில் கொண்டுவந்து ஏற்றினார்கள். நான் ஏணியின் மேல்முனையில் நின்று, புதிதாகக் கையால் எழுதிய பட்டியலில் பெயர்களை அடையாளம் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது படகில் மாரிமுத்துவும் மாலதியும் வந்தார்கள். பெரிய பெட்டி இல்லை. துணிப்பை ஒன்று மட்டும்.

மாலதி படுக்கை எண்ணைக் கேட்டுக்கொண்டு கீழே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே மேலே வந்து என் பக்கத்தில் நின்றாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“தூங்கிட்டிருந்தான் அக்கா. எழுப்புனா அழுவான்னு அத்தை சொன்னிச்சு. சொல்லாமத்தான் வந்தோம்.”

யாருடைய யோசனை என்று கேட்டேன்.

“அப்பா எழுப்பச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்.”

அன்று மாலை மேல்தளத்தில் தலை எண்ணினோம். மொத்தக் கணக்கை ரவி வாங்கி எழுதிக் கொடுத்தான். பிள்ளைகள் இருபத்து மூன்று பேர்.